ரிட்டையர்டு ஆனபின் வேன் பயணம்: வாட்ஸ்அப் குழுவில் வரும் யோசனைகளில் எதை நம்பலாம், எதைச் சரிபார்க்கணும்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டை. தை 5-ம் தேதி இங்கே தென்பெண்ணை ஆற்றில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இங்கு எழுந்தருளுவார். சுற்று வட்டாரத்தில் இருந்து வேன் வேனாக மக்கள் வந்து இறங்குவார்கள். அதில் கணிசமானவர்கள் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

திருவிழா முடிந்ததும் இவர்களின் பயணம் முடிவதில்லை. பௌர்ணமிக்கு கிரிவலம், கோடையில் கல்வராயன் மலை, ஆடியில் அம்மன் கோயில்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் காசி, கேதார்நாத். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பார்கள். கூடவே ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கிவிடும்.

அந்தக் குழுவில்தான் எல்லாம் நடக்கும். எந்த ரூட், எங்கே சாப்பாடு, எந்த லாட்ஜ், எந்த மாத்திரை, எந்த வண்டி என எல்லாக் கேள்விக்கும் பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். பல பதில்கள் தங்கம். சில பதில்கள் பணத்தையும் உடம்பையும், சில நேரம் உயிரையும் பதம் பார்த்துவிடும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? விளக்கமாகப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது?

ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்றபின் கேரவனை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுபவர்களை 'கிரே நோமட்' என்பார்கள். நரைத்த தலை நாடோடிகள் என்று அர்த்தம். அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் வடக்கில் இருந்து தெற்கே வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் முதியவர்களுக்கு 'ஸ்னோபேர்ட்' என்று பெயர். அங்கே 1978-ல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கம், நிரந்தரமாகச் சாலையிலேயே இருப்பவர்களுக்கு வரும் தபால்களைச் சேர்த்து அனுப்பித் தருவது வரை செய்தது. இப்படிப்பட்ட சங்கங்கள் வளர்ந்ததற்குக் காரணம் எளிது. புது ஊரில் எங்கே வண்டியை நிறுத்தலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பது நேற்று அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் வீடு போன்ற கேரவன் வண்டி இன்னும் பரவலாகவில்லை. கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' திட்டத்தைத் தொடங்கியது. 2022-ல் வாகமனில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஓய்வு பெற்றவர்களின் கேரவன் என்றால், அது பெரும்பாலும் வாடகை வேன்தான். பின்சீட்டில் பாய், டிக்கியில் அரிசி மூட்டை, மேலே கட்டிய அண்டா. வண்டி வேறாக இருந்தாலும் தேவை ஒன்றுதான்: முன்னாடி போய்விட்டு வந்தவரின் யோசனை.

குழுவில் எது உண்மையிலேயே நல்லாக் கிடைக்கும்?

கண்ணால் பார்த்த விஷயம். இதில் குழுவை அடிச்சுக்க ஆளே இல்லை.

கோயிலில் எத்தனை படி ஏறணும்? முட்டி வலிக்காரர் ஏற முடியுமா? வேன் எது வரை போகும், அங்கிருந்து ஆட்டோ கிடைக்குமா? லாட்ஜில் கீழ்த்தளத்தில் ரூம் இருக்கா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா? இதையெல்லாம் எந்த அரசு இணையதளமும் சரியாகச் சொல்லாது. போன வாரம் போய் வந்தவர் சொல்வார்.

டாய்லெட் கேள்வி சின்ன விஷயம் இல்லை. வழியில் கழிப்பறை இருக்காது என்ற பயத்தில், வண்டி ஏறும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் நிறையப் பேர். வயதானவர்களுக்கு இது சிறுநீர்த் தொற்று, தலைச்சுற்றல், மயக்கம் வரை கொண்டுபோய் விடும். 'இந்த பங்க்கில் டாய்லெட் சுத்தமா இருந்துச்சு, சாவி கேட்டா தருவாங்க' என்று யாரோ போடும் ஒரு வரி, ஒரு வேன் பெண்களை நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க வைக்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல். 'ரோடு சூப்பரா இருக்கு சார்' என்று ஒருத்தர் போடுவார். அவர் போனது மூன்று வருஷம் முன்பு, சொந்தக் காரில், மழை இல்லாத மாதத்தில். அதனால் கேட்கும்போதே நாலு விஷயம் சேர்த்துக் கேளுங்க:

* எப்போ போனீங்க? மாதம், வருடம் வேணும்.
* எந்த வண்டி? காரா, 12 சீட் வேனா, பஸ்ஸா?
* கூட வந்தவர்களின் வயது என்ன?
* நீங்களே பார்த்ததா, இல்ல யாரோ சொன்னதா?

கடைசிக் கேள்விக்கு 'ஃபார்வர்டு வந்துச்சு' என்று பதில் வந்தால், அதை யோசனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

'சீனியர் சிட்டிசன் ரயில் சலுகை திரும்ப வந்துடுச்சு' - உண்மையா?

ஓய்வு பெற்றவர்கள் இருக்கும் எந்தக் குழுவிலும் சுற்றிச் சுற்றி வரும் மெசேஜ் இது.

நடந்தது இதுதான். ரயிலில் 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 20-ம் தேதி முதல் இது நிறுத்தப்பட்டது. தொற்று ஓய்ந்த பிறகும் திரும்பத் தரப்படவில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோதெல்லாம், எல்லாப் பயணிகளின் டிக்கெட்டுக்கும் ஏற்கெனவே மானியம் தருகிறோம் என்பதே அரசின் பதிலாக இருந்தது.

நிறுத்தப்படாத ஒன்று இருக்கிறது. கீழ் பெர்த் ஒதுக்கீடு. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும், 45 வயது நிறைந்த பெண்களுக்கும் ஸ்லீப்பர் பெட்டியில் ஆறு முதல் ஏழு கீழ் பெர்த், மூன்றடுக்கு ஏசியில் நாலு முதல் ஐந்து, இரண்டடுக்கு ஏசியில் மூன்று முதல் நாலு என ஒதுக்கி வைக்கப்படுகிறது. தனியாகவோ இரண்டு பேராகவோ டிக்கெட் எடுத்தால்தான் இந்த ஒதுக்கீடு பொருந்தும். பத்துப் பேரையும் ஒரே டிக்கெட்டில் போடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என 2020-ல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. இரட்டை அம்பைப் பார்த்தால் அனுப்புவதற்கு முன் நிறுத்தி யோசிங்க.

'நம்ம பையன் வண்டி இருக்கு, டீசல் மட்டும் போட்டா போதும்' - சரியா?

செலவு குறையும் என்று குழுவில் அடிக்கடி வரும் யோசனை இது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி கிடையாது. பிடிபட்டால் அபராதம். விபத்து நடந்தால் சிக்கல் இன்னும் பெரிது. சொந்த உபயோக வண்டியின் இன்சூரன்ஸ், வாடகைக்கு ஓடும்போது செல்லாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். மருத்துவச் செலவும் இழப்பீடும் இழுபறி ஆகும்.

மஞ்சள் போர்டு வேன் என்றாலும் வெளி மாநிலம் போக டூரிஸ்ட் பெர்மிட் வேண்டும். இதற்கான புதிய அகில இந்திய விதிகள் 2023 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை.

பழைய வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டு நாமே கேரவன் ஆக்கலாம் என்று வீடியோ அனுப்புபவர்களும் உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பது சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேரவனுக்கு என்று தனித் தரவிதி இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டாம்.

நீங்களே ஓட்டுபவரா? 55 வயதுக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து ஐந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கப்படும். மருத்துவச் சான்று வேண்டும். காலாவதியான மறுநாளில் இருந்தே ஓட்டக்கூடாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டி வரும்.

டிரைவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'நைட்டே கிளம்பினா ஒரு நாள் லாட்ஜ் வாடகை மிச்சம்' என்பது குழுக்களில் ரொம்பப் பிரபலமான யோசனை. சட்டப்படி ஒரு டிரைவருக்கு நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தரணும். பகலெல்லாம் கோயில் கோயிலாக ஓட்டியவரை ராத்திரியும் ஓட்டச் சொன்னால், மிச்சம் பிடித்த லாட்ஜ் வாடகை எதற்கும் ஆகாது.

'சின்ன சிலிண்டர் எடுத்துக்கோங்க, காபி போட்டுக்கலாம்' - வேண்டாம்

2023 ஆகஸ்ட் 26, அதிகாலை. லக்னோவில் இருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரே காரணம் என்று ரயில்வே சொன்னது.

ரயிலில் சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு எதையும் எடுத்துப் போகக்கூடாது. மீறினால் ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. வேனிலும் ஆபத்து குறைவில்லை. ஜன்னல் மூடிய வண்டிக்குள் கேஸ் கசிந்தால் தூங்குபவர்களுக்குத் தெரியாது. சமைத்துத்தான் ஆகணும் என்றால் வண்டியை நிறுத்தி, சிலிண்டரை வெளியே இறக்கி, எல்லாரும் இறங்கிய பிறகு திறந்த வெளியில் மட்டும். காபிக்கு ஃபிளாஸ்க் போதும்.

'ஆத்தங்கரையில வண்டிய நிறுத்துங்க, காத்து நல்லா வரும்' - எப்போது ஆபத்து?

மணலூர்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால், மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணையின் இரு கரையிலும் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தது. திறப்பு அதிகமானது ராத்திரியில். ஆற்று மணலில் வண்டியை நிறுத்தித் தூங்குபவர்களுக்கு அப்படி ஒரு ராத்திரியில் தப்பிக்க நேரம் கிடைக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் தலைக்கு மேல் மழை பெய்யணும் என்று அவசியமே இல்லை. தென்பெண்ணை கர்நாடகத்தில் தொடங்கி கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக சாத்தனூருக்கு வருகிறது. அங்கே பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதும் வந்து சேரும். அதனால் 'போன வருஷம் நாங்க அங்கதான் படுத்தோம், ஒண்ணும் ஆகல' என்ற அனுபவம் இந்த விஷயத்தில் செல்லாது.

கல்வராயன் மலைக்கும் இது பொருந்தும். மேகம், பெரியார் அருவிகளுக்குப் போகும் முன் அன்றைக்குக் குளிக்க அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளணும். மேல்மலையில் மழை பெய்தால் அருவித் தண்ணீர் நொடியில் நிறம் மாறி ஏறும். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. குழுவில் எச்சரிக்கை வந்தாலும் உங்களுக்கு வந்து சேராது. கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எங்கே போறீங்க, எத்தனை மணிக்குள் திரும்புவீங்க என்று சொல்லிவிட்டுப் போங்க.

மழை, வெள்ள எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு, தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' செயலி, மாவட்ட அவசர எண் 1077. இந்த மூன்றையும் பாருங்க. யூடியூபில் வானிலை சொல்பவரின் பழைய வீடியோ கணக்கில் வராது.

'எனக்கு இந்த மாத்திரை கேட்டுச்சு' - உங்களுக்கும் கேட்குமா?

கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரம். மூச்சு முட்டும் என்று பயப்படுபவர்களுக்கு, 'டயமாக்ஸ் போட்டுக்கோங்க, நாங்க அப்படித்தான் போனோம்' என்று குழுவில் யோசனை வரும். அது டாக்டர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்களும் அப்படியே.

அமர்நாத் யாத்திரைக்கு 70 வயது உச்ச வரம்பு, மருத்துவச் சான்று கட்டாயம். கைலாஷ் மானசரோவருக்கும் 70 தான் வரம்பு. 'ஏஜென்ட் பார்த்துக்குவார்' என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிடுங்க.

குழு யோசனையிலும் பயன்படும் சில பொது விஷயங்கள் உண்டு. இன்சுலினை வெயிலில் நிற்கும் வேனில் விட்டுவிட்டு கோயிலுக்குள் போகாதீங்க. ஐஸ் மேல் நேரடியாகவும் வைக்காதீங்க, உறைந்தால் வீண். மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்க, ஒன்று எப்போதும் உங்கள் தோளில் இருக்கணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்க. உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும்.

பணம் கேட்கும் லிங்க் வந்தால்?

கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் ஐ.ஆர்.சி.டி.சி.-யின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும்தான். இதே பெயரில் போலித் தளங்கள் நிறைய வருவதாக மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவு 2025-ல் எச்சரித்தது. ஆசிரம ரூம், டாக்ஸி என்ற பெயரிலும் இது நடக்கிறது.

தமிழ்நாட்டில் அறநிலையத்துறை 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களை ராமேஸ்வரம் - காசி, அறுபடை வீடு என இலவசமாக அழைத்துப் போகிறது. இதற்குத் துறையின் மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும். 'பதிவுக் கட்டணம் மட்டும் ஜிபே பண்ணுங்க' என்று வந்தால் அது ஏமாற்று.

குழுவில் வரும் ஏபிகே ஃபைலை மட்டும் தொடவே தொடாதீங்க. அனுப்பியவர் நண்பராகவே இருந்தாலும், அவர் போனே களவு போயிருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீங்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பயணத்தில் இருக்கும்போது பென்ஷன் நின்றுவிடுமா?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று தரணும். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே தரலாம். இபிஎஸ்-95 ஓய்வூதியர்களுக்கு, கடைசியாகக் கொடுத்த நாளில் இருந்து 12 மாதம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்களுக்கான மாதத்தைக் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளணும். குழுவில் மத்திய அரசுக்காரர் சொல்லும் தேதி மாநில அரசுக்காரருக்குப் பொருந்தாது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஜீவன் பிரமான் வழியாக முகத்தைக் காட்டியே போனில் சான்று தர முடியும். ஊர் திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம்.

அட்மினுக்கு என்ன பொறுப்பு?

உறுப்பினர் போடும் பதிவுக்கு, வேறு எந்தத் தொடர்பும் இல்லாத அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. சட்டம் விட்டாலும், பயணக் குழு அட்மின் ஒரு வேலை செய்யலாம். போய் வந்தவர்கள் சொன்ன நேரடித் தகவல்களை ஊர், மாதம், வருடம் போட்டு ஒரே மெசேஜாகச் சேர்த்து குழுவின் மேலே 'பின்' செய்து வைக்கலாம். குட் மார்னிங் படங்களுக்கு நடுவே நல்ல யோசனை தொலையாது.

சுருக்கமாகச் சொன்னால்

* படி, டாய்லெட், சாப்பாடு, ரூம், ரோடு: குழுவில் கேளுங்க. தேதியோடு கேளுங்க.
* சலுகை, பெர்மிட், பென்ஷன்: சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேளுங்க.
* மாத்திரை: உங்கள் டாக்டரிடம் மட்டும்.
* ஆறு, அருவி, அணை: அன்றைய அரசு எச்சரிக்கை மட்டும். போன வருஷ அனுபவம் வேண்டாம்.

போனில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, ரயில் உதவி 139, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, சைபர் மோசடி 1930, முதியோர் உதவி எண் 14567.

அடுத்த தை 5-க்கு மணலூர்பேட்டை வருபவர்கள், திரும்பிப் போனதும் குழுவில் ஒரு மெசேஜ் போடுங்க. வண்டி எங்கே நிறுத்தினீங்க, ஆற்றில் இறங்கும் இடத்தில் வழுக்கியதா, வயதானவர்கள் உட்கார நிழல் இருந்ததா என்று. தேதியை மறக்காமல் சேர்த்துப் போடுங்க. அடுத்த வருஷம் வரும் ஒரு வேனுக்கு அது உதவும்.